கதை சொன்ன நாகேஷா, கேட்ட பாலையாவா? ஒரு பஞ்சாயத்து

பட்டர்வொர்த்காரன் | வெள்ளி, இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தொழிற்சாலை கேண்டீனில் ஆரம்பித்த வழக்கு ஒன்று இரண்டு வாரமாகத் தீராமல் கிடக்கிறது. இங்கே கொண்டுவந்து போடுகிறேன், நீங்களே பேசித் தீர்த்து வையுங்கள்.

'காதலிக்க நேரமில்லை', 1964, ஸ்ரீதர் படம். சினிமா எடுக்கிறேன் பேர்வழி என்று ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் தொடங்கும் செல்லப்பா, தன் அப்பா விஸ்வநாதனுக்கு ஒரு திகில் கதை சொல்வான். செல்லப்பா நாகேஷ், அப்பா டி.எஸ். பாலையா. பார்க்காதவர்கள் இந்த இழைக்குள் வந்திருக்கவே மாட்டீர்கள், அதனால் மேலே விளக்கவில்லை. சின்ன வயதில் அந்தக் கேசட்டை வாடகைக்கு எடுத்து, அந்த இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிச் சுற்றியதில் நாடாவில் கோடு விழுந்துவிட்டது. வீடியோ கடைக்காரர் அப்பாவிடம் ஐந்து வெள்ளி கறந்துவிட்டார். அடி எனக்கு.

இத்தனை வருஷமும் அது நாகேஷ் காட்சி என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் இரவு ஷிப்ட். மூன்று மணி ஓய்வில் ஹேண்ட்போனில் அதைப் போட்டேன். இயர்போன் வீட்டிலேயே கிடக்கிறது. பக்கத்து மேசையில் தலையைக் கவிழ்த்து ஆட்கள் தூங்குகிறார்கள். சரி, நமக்குத் தெரியாத வசனமா என்று சத்தமே இல்லாமல் ஓட விட்டேன். என்னோடு வேலை செய்யும் சீனர் ஒருவரும் ஒரு மலாய்க்காரத் தம்பியும் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் தமிழில் ஓர் எழுத்து தெரியாது. கொஞ்ச நேரத்தில் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறார்கள். அவர்கள் கண் எங்கே போகிறது என்று கவனித்தேன். நாகேஷ் மேல் இல்லை. பாலையா மேல்.

அந்த முகத்தைச் சத்தமில்லாமல் ஒரு தடவை பாருங்கள். முதலில் 'இந்தப் பயலுக்கு வேறு வேலை இல்லை' என்கிற அலுப்பு. அப்புறம் மரியாதைக்கு ஒரு கவனம். அப்புறம் கண் மெல்ல மெல்ல விரிந்து, வாய் தன்னை அறியாமல் திறந்து, கடைசியில் பெரிய மனிதர் பச்சைப்பிள்ளை ஆகிவிடுகிறார். நாகேஷ் என்ன செய்கிறார்? கதை சொல்கிறார். அவ்வளவுதான்.

நாகேஷ் என்றால் எனக்கு உயிர். அதனால்தான் மனசு கேட்காமல் கேட்கிறேன். அந்தச் சிரிப்பு யாருடையது?

—

அரை டிக்கெட் | வெள்ளி, இரவு 10:50

சிரிப்பு உங்கள் இரண்டு நண்பர்களுடையது. தீர்ப்பு முடிந்தது. அடுத்த வழக்கைக் கூப்பிடுங்கள்.

—

கறுப்பு வெள்ளை | வெள்ளி, இரவு 11:31

பட்டர்வொர்த்காரரே, கோபித்துக்கொள்ளக் கூடாது. சத்தத்தை அணைத்துவிட்டு நாகேஷை எடை போடுவது, தவில் கச்சேரியைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்ப்பதற்குச் சமம். கை ஆடுவது தெரியும், வேறென்ன தெரியும்?

அந்தக் கதையில் இருட்டும் பயமும் எல்லாம் அந்த ஒரு மனிதரின் தொண்டையிலிருந்துதான் வருகிறது. வேண்டிய சத்தங்களையும் வாயாலேயே போட்டுக்கொள்கிறார். வசனத்தை ஒரு தாளில் எழுதிப் படித்துப் பாருங்கள், சிரிப்பு வராது. நகைச்சுவை நடிகர் ஒருவர் சிரிப்பே இல்லாத வசனத்தை எடுத்துக்கொண்டு, கொஞ்சமும் கோமாளித்தனம் பண்ணாமல், நிஜமாகவே பயமுறுத்தப் பார்க்கிறார். அங்கேதான் இருக்கிறது விஷயம். நாகேஷ் அந்த இடத்தில் ஒரு கண்ணைச் சிமிட்டியிருந்தாலும் போச்சு, பாலையாவின் பயம் பொய்யாகியிருக்கும். தான் சிரிப்பு வாங்க வேண்டும் என்கிற ஆசையை அடக்கிக்கொண்டு எதிராளிக்கு வழி விடுகிறார். 1964இல் அவர் ஏறுமுகத்தில் இருந்த ஆள். அந்த நேரத்தில் இப்படி விட்டுக்கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

தைப்பூசத்துக்கு ஜார்ஜ் டவுனில் வெள்ளி ரதத்துக்கு முன்னால் போகிற மேளக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். தவில்காரர் வெளுத்து வாங்கும்போது நாயனக்காரர் கருவியை இறக்கிவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே நடப்பார். கூட்டம் அவர் முகத்தைப் பார்த்துத்தான் 'ஆகா' என்னும். அதற்காக அடித்தது நாயனக்காரர் என்று சொல்லிவிட முடியுமா?

—

அரை டிக்கெட் | வெள்ளி, இரவு 11:38

தவில் பேச்சு எடுத்ததால் சொல்கிறேன். 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் தவில்காரர் முத்துராக்கு யார்? பாலையா. உங்கள் உவமையே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

—

கறுப்பு வெள்ளை | வெள்ளி, இரவு 11:40

அட. இது தோன்றவில்லை. தூங்கப் போகிறேன்.

—

தோட்டத்துப் பிள்ளை | சனி, காலை 6:15

பசியாறிவிட்டு எழுதலாம் என்று பார்த்தேன், கை நிற்கவில்லை.

நான் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போது மகனோடு கோலாலம்பூரில். படம் பட்டணத்தில் வந்து நாலைந்து வருஷம் கழித்துத்தான் எங்கள் தோட்டத்துக்கு வந்தது. பந்து விளையாடுகிற திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். லயத்துச் சனம் முழுக்கப் பாயோடு வந்துவிடும். முன்பக்கம் இடம் கிடைக்காத பையன்கள் துணிக்குப் பின்பக்கம் போய் உட்காருவோம். அங்கேயும் படம் தெரியும், இடம் வலம் மாறித் தெரியும். பேர் போடுகிற எழுத்து மட்டும் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி நிற்கும். கதாநாயகன் ரவிச்சந்திரனுக்கு வகிடு எந்தப் பக்கம் என்று எனக்கு ரொம்ப நாள் குழப்பம்.

அந்தக் காட்சியில் எங்கள் சனம் சிரித்த சிரிப்பைப் பட்டணத்துத் தியேட்டரில் நான் கேட்டதே இல்லை. ஏன் என்று பிற்பாடு யோசித்தேன். விஸ்வநாதன் யார்? எஸ்டேட் முதலாளி. எங்களுக்கு முதலாளி என்றால் கண்ணால் பார்க்கக் கிடைக்காத ஆள். துரைக்கு மேலே, வானத்துக்குக் கீழே எங்கேயோ இருப்பார். ஆபீஸ் கணக்கரான கிராணியைப் பார்த்தாலே சைக்கிளை விட்டு இறங்கி நிற்போம். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு ஐந்து நிமிஷம் பிந்திப் போனால் மேற்பார்வை பார்க்கிற மண்டோர் போடும் சத்தத்தில் அன்றைக்குப் பூரா கை நடுங்கும், மரத்தில் கத்தி சரியாக விழாது. அப்படிப்பட்ட சனத்துக்கு முன்னால், துணியில், ஒரு தோட்ட முதலாளி நடுங்குகிறார். அவரை நடுங்க வைப்பது யார்? கன்னத்தில் அம்மைத் தழும்போடு, காற்றடித்தால் விழுந்துவிடுகிற மாதிரி ஓர் ஆள். முதலாளி மகன் என்று கதை சொல்லும், ஆனால் பார்வைக்கு எங்கள் லயத்துப் பையன்தான்.

அம்மா அன்றைக்குத் தலைத்துணியை வாயில் அழுத்திக்கொண்டு சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்தது கொஞ்சம்தான்.

அதனால் பாலையா முகமா நாகேஷ் வாயா என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. யார் யாரைப் பயமுறுத்துகிறார் என்பதுதான் எங்களுக்குச் சிரிப்பு.

—

பட்டர்வொர்த்காரன் | சனி, காலை 9:02

ஐயா, இதைப் படித்துவிட்டுக் கோப்பி ஆறுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அந்தப் படத்தில் அவர் எஸ்டேட்காரர் என்பது எனக்குத் தெரியும், ஆனால் அது ஒரு விஷயம் என்றே தோன்றியதில்லை. நான் பட்டணத்துப் பிள்ளை.

—

ரயில் சிநேகிதன் | சனி, காலை 10:20

மலேசிய ரயில்வேயான கே.டி.எம்.மில் முப்பத்தொரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். நாகேஷ் மேல் எனக்குத் தனிப் பாசம், அவரும் ரயில்வே கிளார்க் என்பதால். தாராபுரத்துக் கன்னடக் குடும்பத்தில் 1933இல் பிறந்து, மதராஸுக்கு வந்து ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர். எங்கள் ஆபீசில் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்ட கிளார்க் ஒருவர் இருந்தார். அச்சு அசல் நாகேஷ் நடை, முழங்கால் முதலில் வரும், ஆள் பின்னால் வருவார். நாங்கள் கூப்பிடுவதே 'சுந்தரம்' என்றுதான்.

'சர்வர் சுந்தரம்' பற்றி யாரும் பேசவில்லையே. பாலசந்தர் முதல் முதலாக இயக்கிய படம். ஓட்டல் சர்வர் சினிமா நடிகனாகிற கதை. இன்னொன்று, ரவிச்சந்திரன் ஈப்போக்காரர் என்பது இளையவர்களுக்குத் தெரியுமா?

—

கறுப்பு வெள்ளை | சனி, காலை 10:41

ஐயா, இரண்டு திருத்தம், மன்னிக்கவும். 'சர்வர் சுந்தரம்' கதை பாலசந்தருடையது, அவர் மேடையில் போட்ட நாடகம். படத்தை இயக்கியது கிருஷ்ணன்–பஞ்சு, ஏவி.எம். தயாரிப்பு. பாலசந்தர் முதலில் இயக்கியது 1965இல் வந்த 'நீர்க்குமிழி'. அதிலும் நாயகன் நாகேஷ்தான், ஆஸ்பத்திரி நோயாளியாக. ரவிச்சந்திரன் பிறந்தது கோலாலம்பூரில். 'காதலிக்க நேரமில்லை' அவருக்கு முதல் படம்.

—

ரயில் சிநேகிதன் | சனி, காலை 10:55

ஒப்புக்கொள்கிறேன். ஈப்போ என்று சொன்னது என் மாமனார், அவர் ஈப்போக்காரர்.

—

அரை டிக்கெட் | சனி, காலை 10:57

மாமனார்கள் எல்லாரையும் தங்கள் ஊர்க்காரர் ஆக்கிவிடுவார்கள். என் மாமனார் கணக்கில் எம்.ஜி.ஆர். தைப்பிங்.

—

கொடிமலை | சனி, மாலை 4:30

நான் பினாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. சகோதரர் பட்டர்வொர்த்காரர் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்ல மாட்டேன், தருமி வழியாக வருகிறேன்.

சில வருஷத்துக்கு முன் பள்ளி ஆண்டு விழாவுக்குத் 'திருவிளையாடல்' தருமி காட்சியைப் போட்டோம். கேள்வி பதில் வேகத்துக்காகப் பிள்ளைகள் எல்லாரும் சிவனாக வரத்தான் அடித்துக்கொண்டார்கள். தருமி வேஷத்துக்கு ஆள் இல்லை. கடைசியில் ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவனைப் பிடித்துப் போட்டோம். பேச்சு குறைவான பிள்ளை. ஒத்திகையில் கேள்வி பதில் பகுதி அவனுக்கு ஓடவே இல்லை, சிவனுக்கு முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் அதற்கு முந்திய பகுதி, தருமி கோயிலில் தனியாக நின்று புலம்புகிற இடம் இருக்கிறதே, அதை அப்படிச் செய்தான். துண்டின் ஒரு நுனியை விரலில் சுற்றுவான், அவிழ்ப்பான், மறுபடி சுற்றுவான். ஆயிரம் பொன் ஆயிரம் பொன் என்று சொல்லும்போது அந்தத் துண்டைத்தான் பார்ப்பான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. விழா அன்று மண்டபம் சிரிக்கவில்லை. பின் வரிசையில் வடை தின்றுகொண்டிருந்தவர்கள்கூட வாயை அசைக்காமல் இருந்தார்கள்.

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், நகைச்சுவை என்று நிகழ்ச்சி நிரலில் அச்சடித்திருந்தோம். வீட்டுக்குப் போய் மூலத்தைப் போட்டுப் பார்த்தேன். நாகேஷ் செய்வதும் பசியைத்தான். ஆள் வேகமாகப் பேசுவதால் நாம் சிரித்துவிடுகிறோம். அந்த வேகத்தைப் பாதியாக்கிப் பாருங்கள், பிச்சைக்காரனின் புலம்பல் அது. நாலு வரி எழுதத் தெரியாத புலவனுக்குப் பாண்டியன் சபையில் ஆயிரம் பொன் தேவைப்படுகிறது. எதற்கு, சாப்பிட. 'எதிர்நீச்சல்' மாதுவும் இதே ஜாதிதான், மாடிப்படிக்கு அடியில் படுத்துக்கொண்டு குடித்தனக்காரர்கள் போடுகிற சோற்றில் படிக்கிற பிள்ளை.

இனி வழக்குக்கு வருகிறேன். தருமி தனியாகப் புலம்பும்போது எதிரில் பாலையா கிடையாது, ஒரு தூண்தான். ஆக, கேட்கிற ஆள் இல்லாமலும் நாகேஷ் நிற்பார். அப்புறம் சிவாஜி வருகிறார். அந்த நிமிஷத்திலிருந்து நாகேஷ் என்ன ஆகிறார் பாருங்கள். கேட்கிற ஆள் ஆகிறார்! கேள்வி கேட்பது அவர் வாய்தான். ஆனால் ஒவ்வொரு பதிலும் வந்து விழும்போது அந்த உடம்பு வாங்கிக்கொள்கிற விதம், தோள் இறங்குவது, கழுத்து முன்னால் நீளுவது, இரண்டடி பின்வாங்குவது. முந்திய வருஷம் பாலையா தனக்குச் செய்ததை இங்கே அவர் சிவாஜிக்குச் செய்கிறார்.

பாலையாவும் அதே படத்தில் இருக்கிறார், வேறு கதையில். ஹேமநாத பாகவதர். சவால் விட்டு மார்தட்டியவர், இராத்திரியில் விறகு விற்பவன் பாட்டைக் கேட்டுவிட்டு ஊரைவிட்டே கிளம்புகிறார். மறுபடியும் உட்கார்ந்து கேட்டுப் பயப்படுகிற வேலை! அந்த மனிதருக்குக் காதுதான் முகம்.

—

தோட்டத்துப் பிள்ளை | சனி, மாலை 5:12

டீச்சர், அந்தப் பையன் இப்போது என்ன செய்கிறான்?

—

கொடிமலை | சனி, மாலை 5:20

இடைநிலைப்பள்ளியில் இருக்கிறான் ஐயா. லெபோ பசார் பக்கம் பூக்கடையில் அம்மாவோடு பார்ப்பேன். இன்னும் பேச்சு குறைவுதான். மல்லிகை முழம் மட்டும் ஒரு பூ கூடுதலாக வைத்துத் தருவான்.

—

கறுப்பு வெள்ளை | சனி, இரவு 8:05

டீச்சரின் ஹேமநாத பாகவதர் பிடி பிரமாதம். ஒத்துக்கொள்கிறேன், பாலையா கேட்கிற நடிப்பில் மன்னர்.

ஆனாலும் நாகேஷ் பட்டியலை நல்ல மனிதர்களோடு நிறுத்திவிடக் கூடாது. 'தில்லானா மோகனாம்பாள்' சவடால் வைத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். மோகனாவைப் பணக்காரர்களிடம் கொண்டு போய்ச் சேர்க்கப் பார்க்கிற தரகன். செய்வது அத்தனையும் அசிங்கம். வெற்றிலைப் பெட்டியும் வளைந்த முதுகுமாக அவன் வந்து நிற்கும்போதெல்லாம் நாம் சிரித்துத் தொலைக்கிறோம். சிரித்த பிறகு கொஞ்சம் கூசுகிறது. அப்படிக் கூச வைக்கிற நகைச்சுவை நடிகர் நமக்கு வேறு யார் இருக்கிறார்? 1989இல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் அதே ஆள் தர்மராஜாக, முழு வில்லனாக வந்து நிற்கும்போது அதிர்ச்சி அடைந்தவர்கள் வைத்தியைச் சரியாகப் பார்க்காதவர்கள் என்பேன். அந்த விதை 1968லேயே போட்டாயிற்று.

—

அரை டிக்கெட் | சனி, இரவு 8:30

'மைக்கேல் மதன காம ராஜன்' அவினாசியை விட்டுவிட்டீர்கள். முதலாளி காசைச் சுருட்டிவிட்டு மாட்டிக்கொள்ளாமல் இருக்க அவர் படுகிற பாட்டைப் பார்த்தால், திருடாமலே இருந்துவிடலாம் போல இருக்கும்.

—

செந்தூல் பேரன் | ஞாயிறு, பகல் 1:48

அண்ணன்மாரே, ஐயா, டீச்சர், வணக்கம். நான் இங்கே எழுதுவது இதுதான் முதல் தடவை. உங்கள் வழக்கைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல் இன்று காலையில் ஒரு சோதனை பண்ணினேன்.

என் பாட்டிக்கு எண்பத்திரண்டு. கண்ணழுத்த நோயில் பார்வை போய் ஆறு வருஷம் ஆகிறது. வெளிச்சம் மட்டும் தெரியும், உருவம் தெரியாது. சின்ன வயதில் எனக்குத் 'திருவிளையாடல்' அறிமுகமானதே பாட்டியின் கதை வசன கேசட்டில்தான், படத்தை ரொம்ப நாள் கழித்துத்தான் பார்த்தேன். பட்டர்வொர்த் அண்ணன் சத்தம் இல்லாமல் படம் காட்டினார். நான் படம் இல்லாமல் சத்தம் காட்டலாம் என்று பாட்டிக்குப் பக்கத்தில் ஹேண்ட்போனை வைத்து அந்தக் காட்சியைப் போட்டேன். படத்தின் பேரைக்கூடச் சொல்லவில்லை.

நாகேஷ் குரல் வந்ததும் பாட்டி கையில் இருந்த முருங்கைக்கீரைத் தட்டைக் கீழே வைத்தார். 'ஓஹோ புரொடக்‌ஷனா' என்றார். அப்புறம் பேசவில்லை. கொஞ்ச நேரம் போனதும் சிரிக்க ஆரம்பித்தார். நான் உடனே நிறுத்தி, எதுக்குப் பாட்டி சிரிக்கிறீங்க என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

'அந்த ஆளு மொகத்தப் பாரேன்டா, மிட்டாய புடுங்கிக்கிட்ட புள்ள மாதிரி.'

எந்த ஆள் பாட்டி? 'பாலையாடா.' நான் சொன்னேன், பாட்டி, உங்களுக்குத்தான் கண்ணு தெரியாதே. 'நாகேசு சொல்றான்ல. அவன் சொல்லச் சொல்ல இந்த ஆளு தெரியறாரு. நீ நடுவுல நிப்பாட்டிட்டியே, போடு.'

பாட்டி அந்தப் படத்தைத் தாத்தாவோடு கோலாலம்பூர் பத்து ரோட்டுக் கொலிசியம் தியேட்டரில் பார்த்தவர். தாத்தா இரண்டு தடவை கூட்டிப் போனாராம். இரண்டாவது தடவை போனது வீட்டில் யாருக்கும் தெரியாதாம். எனக்கே இன்றைக்குத்தான் தெரிந்தது.

—

பட்டர்வொர்த்காரன் | ஞாயிறு, பகல் 2:10

தம்பி, வழக்கை உன் பாட்டி முடித்துவிட்டார் போல் இருக்கிறது.

—

கறுப்பு வெள்ளை | ஞாயிறு, பகல் 2:26

பாட்டிக்கு என் வணக்கம். ஆனால் வழக்கு முடியவில்லை. அவர் ஏற்கெனவே இரண்டு தடவை பார்த்தவர், முகம் நினைவில் இருக்கிறது. அந்த முகத்தைப் பார்த்தே இராத ஒருவருக்கு வெறும் சத்தத்தைப் போட்டால் சிரிப்பாரா? நான் நாகேஷ் கட்சி, ஆனாலும் சாட்சி சுத்தமாக இருக்க வேண்டும்.

—

செந்தூல் பேரன் | ஞாயிறு, பகல் 2:40

பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். 'அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா' என்று கேட்கிறார்.

—

அரை டிக்கெட் | ஞாயிறு, பகல் 2:41

😂😂😂

—

கொடிமலை | ஞாயிறு, மாலை 6:05

இன்னொரு படத்தை யாராவது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். 'மகளிர் மட்டும்', 1994. நாகேஷுக்குப் பிணம் வேஷம். கதை சொல்ல வாய் இல்லை, கேட்டுப் பயப்பட முகம் இல்லை, பசியும் இல்லை. இந்த இழையில் இரண்டு நாளாக நாம் எண்ணிய ஆயுதம் அத்தனையும் பிடுங்கப்பட்டு, இழுத்த இழுப்புக்கு வருகிற உடம்பு மட்டும் கையில். அப்போது அவருக்கு அறுபது வயது. உயிரோடு இருக்கிற ஒருவர் முழுக்கத் தளர்ந்து கிடப்பது எவ்வளவு கஷ்டம் என்று குழந்தையைத் தூங்குகிற மாதிரி நடிக்கச் சொன்னவர்களுக்குத் தெரியும், இமை துடித்துவிடும். இந்த மனிதரைச் சுமந்து, சாய்த்து, உட்கார வைத்து என்னென்னவோ செய்கிறார்கள். தலை விழ வேண்டிய பக்கம், விழ வேண்டிய நேரத்தில் விழுகிறது.

அதே 1994 'நம்மவர்' படத்தில் மகளைப் பறிகொடுக்கிற பேராசிரியர். துணை நடிகருக்கான தேசிய விருது அதற்குத்தான் கிடைத்தது. எனக்கு மகள் இருப்பதால் அந்தக் காட்சியை இரண்டாவது தடவை பார்க்கவில்லை, அதனால் அதைப் பற்றி எழுதவும் மாட்டேன்.

—

ரயில் சிநேகிதன் | ஞாயிறு, மாலை 6:40

2009 ஜனவரி 31 அன்று போனார். எனக்குச் செய்தி சொன்னது எங்கள் பழைய 'சுந்தரம்'தான், போனில். 'நான் செத்துட்டேன்ணே' என்று ஆரம்பித்தான். திட்டினேன். அப்புறம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

—

பட்டர்வொர்த்காரன் | வியாழன், காலை 8:17

நேற்று மறுபடி இரவு ஷிப்ட். நடந்ததை எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

முதலில் ஒரு கிளைக்கதை. அந்த மலாய்த் தம்பி சும்மா இல்லை. நீங்கள் எங்களுக்கு உங்கள் ஆளைக் காட்டினீர்கள், நான் எங்கள் ஆளைக் காட்டுகிறேன் என்று மலாய் சினிமா நட்சத்திரம் பி. ரம்லியின் 'செனிமான் புஜாங் லாப்போ' கொண்டுவந்தான். 1961 படம். மூன்று பிரம்மச்சாரிகள் சினிமாவில் சேரப் போகிற கதை. அவர்கள் ஸ்டூடியோவில் அடிக்கிற கூத்தைப் பார்த்தபோது, ஓஹோ புரொடக்‌ஷன்ஸுக்கு சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் ஒரு கிளை இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். 'எங்கள் ஆள்' என்று அவன் சொன்னதும் எனக்கு ரோஷம். ரம்லி பினாங்கில் பிறந்தவர், எனக்கும்தான் சொந்தம் என்றேன். 1950இல் 'பக்தி' படத்தில் அவரை முதன்முதலாகக் கதாநாயகனாகப் போட்டவர் நம் ஆள், இயக்குநர் எல். கிருஷ்ணன் என்று சொன்னதும் தம்பி ஆச்சரியப்பட்டான். எனக்கும் அது போன வாரம்தான் தெரியும், அதைச் சொல்லவில்லை.

சரி, சோதனைக்கு வருகிறேன். இந்தத் தடவை இயர்போன் கொண்டு போனேன். அதுவும் சரிப்படவில்லை, மூன்று காதுக்கு இரண்டு முனைதான். கேண்டீனில் கோடி மூலைக்குப் போய், சத்தத்தைக் குறைத்து வைத்து, மூவரும் தலையை ஒட்டிக்கொண்டு பார்த்தோம். இரண்டு பேருக்கும் மொழி தெரியாது, பாலையா முகம் மட்டும் ஏற்கெனவே தெரியும். கறுப்பு வெள்ளை ஐயா, உங்கள் கணக்கில் இதுவும் சுத்தமான சாட்சி இல்லைதான்.

ஆனால் பாருங்கள், சத்தத்தோடு பார்த்தபோது இருவரும் முதலில் சிரிக்கவே இல்லை. கண் நாகேஷை விட்டு அகலவில்லை. சீன நண்பர் ஒரு கட்டத்தில் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார், 'இது பேய்ப்படமா' என்று மலாயில் கேட்டார். மலாய்த் தம்பி தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அப்புறம் பாலையா முகம் வந்தது. போன தடவை வாயைப் பொத்திச் சிரித்தவர்கள் இந்தத் தடவை பொத்த மறந்துவிட்டார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

சத்தம் கேட்டு சூப்பர்வைசர் வந்தார். எங்கள் ஆள்தான், தமிழர், ஆனால் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. கையில் நோட்டுப் புத்தகம். என்ன இங்கே என்று கேட்டார். நான் ஹேண்ட்போனைக் கவிழ்க்கப் பார்த்தேன், அதற்குள் நாகேஷ் குரல் அவர் காதில் விழுந்துவிட்டது. அவர் நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார், ஓய்வு முடிந்து ஏழு நிமிஷம் ஆகியிருந்தது. நோட்டை மேசை மேல் வைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

'மொதல்லேருந்து போடு.'